கிரேக்க மலைத்தேநீருக்கு வேண்டாத புகழ்

ஏதென்ஸ் நகரத்து மத்தியச் சந்தையை ஒட்டிச் செல்லும் எவ்ரிபிதூ வீதியில் நடந்து போகிறவர்கள், பலசரக்குக் கடைகளின் வாசலில், மிளகாய்ச் சரங்களுக்கும் பூண்டுக் கொத்துகளுக்கும் நடுவே, காம்பும் இலையும் பூவுமாகச் சேர்த்துக் கட்டிய சாம்பல் நிறச் செடிக்கட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைக் காணாமல் போக முடியாது. பார்வைக்கு அவற்றில் வசீகரம் ஏதும் இல்லை. ஆனால் ஒரு காம்பை ஒடித்து மூக்கருகே கொண்டுபோனால், எலுமிச்சைத் தோலின் வாசனையும் வெயிலில் காய்ந்த புல்லின் வாசனையும் கலந்து வருகிற மெல்லிய பரிமளம் ஒன்று, எடுத்த கையைக் கீழே போடவிடாமல் சற்றுநேரம் நிறுத்திவைக்கும். இதுதான் கிரேக்க மக்கள் தலைமுறை தலைமுறையாக மலைத்தேநீர் என்று சொல்லிக் குடித்துவருகிற பானத்தின் மூலச்சரக்கு. அண்மைக் காலமாக இதற்கு உலகச் சந்தையில் பெருத்த கீர்த்தி உண்டாகியிருக்கிறது; ஆயுளை நீட்டும் என்றும், மறதியைப் போக்கும் என்றும், இன்னும் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற பல சக்திகளைத் தரும் என்றும் விளம்பரங்கள் முழங்குகின்றன. அந்தக் கீர்த்தி அந்தச் செடிக்கும், அது முளைக்கும் மலைக்கும், அதை அடுப்படியில் போற்றிவந்த ஜனங்களுக்கும் நன்மை செய்யவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் இது தேயிலையே அன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும். நாம் அன்றாடம் குடிக்கும் தேயிலைக்கும் இதற்கும் தாவர சாஸ்திர ரீதியில் உறவு கிடையாது. இதில் தூக்கத்தைக் கெடுக்கும் காஃபீனும் இல்லை. துளசி, தும்பை, புதினா ஆகியவற்றைத் தன்னுள் அடக்கிய பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது இது. நாற்பட்டைத் தண்டும், கணுவுக்குக் கணு வட்டமாகச் சூழ்ந்து பூக்கும் பூவும் அந்த உறவுக்குச் சாட்சி சொல்லும். லின்னேயஸ் 1753இல் சிடெரிட்டிஸ் என்று பெயரிட்ட இந்த இனத்தில் நூற்றைம்பதுக்கு அண்மையான வகைகள் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள தேசங்களில் காணப்படுகின்றன. அவற்றுள் கிரேக்க மலைகளில் வளர்வன சிலவே குடிப்பதற்கு உகந்தவையாக மக்களால் தேர்ந்துகொள்ளப்பட்டவை. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், வேறு பயிர் எதற்கும் இடங்கொடாத சுண்ணாம்புப் பாறைகளின் வெடிப்புகளில், குளிர்காலம் முழுவதும் பனிக்கு அடியில் கிடந்து, கோடையில் மழையின்றி வெயிலில் வாடி, ஓயாத காற்றுக்கும் ஈடுகொடுத்து நிற்கவேண்டியிருப்பதால், இலை தண்டு எங்கும் வெண்மையான பஞ்சு போன்ற ரோமத்தைப் போர்த்திக்கொண்டு, உள்ளிருக்கும் ஈரம் வீணே ஆவியாகாதபடி அந்தச் செடி தன்னைக் காத்துக்கொள்கிறது. முழங்கால் உயரத்துக்கு மேல் அது வளர்வது அரிது. ஜூலை மாதத்தில் வெளிர்மஞ்சள் பூ மலரும். அந்தச் சமயத்தில்தான் அதை அறுப்பது வழக்கம். அறுத்ததைச் சிறுசிறு கட்டுகளாகக் கட்டி, வெயில் படாத இடத்தில், காற்றோட்டமாகத் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். வெயிலில் காய்ந்தால் நிறமும் மணமும் போய்விடும்.

இதைத் தயாரிப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கிரேக்க வீடுகளில் காபி காய்ச்சுவதற்கென்று நீண்ட கைப்பிடியுடன் இருக்கும் ப்ரிக்கி என்ற சிறு பாத்திரத்தையோ, குடும்பம் பெரிதாயின் சாதாரணப் பாத்திரம் ஒன்றையோ அடுப்பில் வைத்து, ஆளுக்கு இரண்டு மூன்று காம்புகள் வீதம் ஒடித்துப் போட்டு, சில நிமிஷங்கள் கொதிக்கவிட்டு, மூடி இறக்கிவைத்து, வடிகட்டிக் குடிக்க வேண்டியதுதான். இலையை உதிர்த்துத் தூளாக்கிப் போடுவது நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை. பூவும் தண்டும் உள்பட முழுச் செடியும் நீரில் இறங்கவேண்டும் என்பது சம்பிரதாயம். முதலில் வைக்கோல் நிறமாக இருக்கும் நீர், கொதிக்கக் கொதிக்கப் பொன்னிறத்தைத் தாண்டிச் செம்மை கொள்ளும். அதில் தேனைக் கலப்பார்கள். ஜலதோஷம் பிடித்திருந்தால் எலுமிச்சைச் சாற்றையும் பிழிவார்கள். சில வீடுகளில் லவங்கப்பட்டைத் துண்டு ஒன்றும் சேரும். கசப்பு அநேகமாகக் கிடையாது. முதன்முறை குடிக்கிறவர்களுக்கு இவ்வளவுதானா என்று தோன்றினாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. அதன் ருசி நாவைத் தாக்குகிற ருசி அன்று, குடித்து முடித்த பின் மெல்ல வந்து தங்குகிற ருசி.

கிரேக்க வாழ்க்கையில் இதற்கு அமைந்திருக்கும் ஸ்தானத்தைப் புரிந்துகொள்ள, காபிக்கு அங்கே இருக்கும் ஸ்தானத்தை அறிந்திருக்க வேண்டும். கஃபெனியோ என்னும் காபிக்கடையில், சதுக்கத்து மரத்தடியில், பத்திரிகையும் அரசியலும் சொக்கட்டானுமாக, ஒரு சிறு கோப்பையை மணிக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டிருப்பது ஊரறிந்த ஆண்களின் பொது வாழ்க்கை. மலைத்தேநீரோ அந்தப் பொது மேடைக்கு வர ஆசைப்படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது. காபியை விருந்தினருக்குக் கொடுப்பார்கள். இதை இருமுகிற குழந்தைக்கும், வயிறு சரியில்லாத பெரியவருக்கும், குளிர்காலத்து இரவில் படுக்கப்போகுமுன் தமக்கும் கொடுத்துக்கொள்வார்கள். காபிக்கொட்டை ஒன்றும் சேராமலே காபி என்ற பட்டத்தோடு நம் வீடுகளில் ஜலதோஷக்காரர்களுக்குக் கிடைத்துவந்த சுக்குக்காபியை நினைத்துக்கொண்டால், இந்தப் பானத்தின் அந்தஸ்து நமக்கு எளிதில் விளங்கிவிடும். ஆரோக்கியமாக இருக்கும் இளைஞன் ஒருவன் காபிக்கடையில் உட்கார்ந்து மலைத்தேநீர் வேண்டும் என்று கேட்டால், உடம்புக்கு என்ன என்று பக்கத்திலிருப்பவர்கள் விசாரிப்பது சென்ற தலைமுறை வரையில் சகஜமாக இருந்தது.

வீட்டுக்கு அது வந்த வழி மேய்ச்சற்காரர்களின் வழி. பிண்டஸ் மலைத்தொடரில் ஸாரகட்ஸானிகளும் விளாக்கர்களும், புனித ஜார்ஜ் திருநாளான ஏப்ரல் 23ஐ ஒட்டித் தங்கள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெஸ்ஸலிச் சமவெளியிலிருந்து மலைமீது ஏறுவார்கள். புனித திமித்ரியோஸ் திருநாளான அக்டோபர் 26ஐ ஒட்டி மீண்டும் கீழே இறங்குவார்கள். கோடை முழுவதும் மேலே இருக்கிறவர்களுக்குச் செடி பூக்கும் பருவமும் அது நிற்கும் பாறையும் தெரியாமல் இருக்குமா? இறங்கும்போது, பாலாடைக் கட்டியோடும் கம்பளியோடும் கோவேறு கழுதையின் முதுகில் இந்தச் செடிக்கட்டுகளும் சேர்ந்து வந்தன. கிரீட் தீவில் ப்ஸிலோரித்திஸ் மலைச்சரிவுகளில், சாந்தே இல்லாமல் கல்லை அடுக்கிக் குவிமாடமாகக் கட்டிய மித்தாத்தோ என்ற இடையர் குடில்களிலும் இதே கதைதான். அங்கே செடிக்கு மலோத்திரா என்று பெயர், வகையும் வேறு. 1950களின் மத்தியில் ஸாரகட்ஸானிகளோடு தங்கி அவர்களுடைய வாழ்க்கையை ஆராய்ந்த பிரிட்டிஷ் மானிடவியல் அறிஞர் ஜே. கே. காம்பெலின் நூல் 1964இல் வெளிவந்தபோதே, அந்தப் பெயர்ச்சி வாழ்க்கை அஸ்தமிக்கத் தொடங்கியிருந்தது. மந்தைகள் லாரியில் ஏறின. பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனார்கள். ஆனால் ஜூலை மாத விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்கள் மலைமேல் ஏறி, வருஷத்துக்கு ஆகும் ஒரு கட்டை அறுத்துக்கொண்டு போவது மட்டும் நின்றுவிடவில்லை. அயலாரிடமிருந்து விலைகொடுத்து வாங்காமல் சொந்த ஊர் மலையிலிருந்து கொண்டுவந்தது என்ற கர்வம், ஏதென்ஸின் அடுக்குமாடி வீட்டு அலமாரியிலும் அந்தக் கட்டோடு குடியிருக்கிறது.

வைத்திய மரபு ஒன்றும் இதற்கு உண்டு. ஸாகோரிப் பகுதியில் விக்கோஸ் என்ற ஆழ்ந்த பள்ளத்தாக்கின் மூலிகைகளைக் கொண்டு சிகிச்சை செய்த நாட்டு வைத்தியர்கள் விக்கோஸ் வைத்தியர் என்றே பெயர்பெற்று, ஒட்டோமான் சாம்ராஜ்யத்தின் தூரதேசங்கள் வரையில் மூட்டையோடு சஞ்சரித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அவர்களுடைய பிரசித்தியின் காலம். இருந்தும், இக்காலத்து வியாபாரிகள் இன்னும் பழைய வம்சாவளி தேடி, பண்டைக் கிரேக்க வைத்தியர்களின் வாயிலேயே இந்தப் பானத்தை ஊற்றிவிடுவதைக் காண வேடிக்கையாக இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் மூலிகைகளைப் பற்றி ஐந்து புத்தகங்கள் எழுதிய தியோஸ்கோரிதிஸ், சிடெரிட்டிஸ் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளைக் குறிப்பிட்டது மெய்தான். ஆனால் வெட்டுக்காயம் ஆறுவதற்கு வைத்துக் கட்டும் பச்சிலையாகவே அவர் அதைச் சிறப்பிக்கிறார். கட்டின் மேல் ஒட்டிய வர்ணச்சீட்டில் காணும் தாடிவைத்த முனிவருக்கும், கோப்பையில் இருக்கும் பானத்துக்கும் இடையே சம்பந்தம் மிகவும் மெலிந்தது.

கிரேக்கம் என்ற அடைமொழியும் அப்படித்தான், சற்றுக் கவனமாகக் கையாள வேண்டியது. ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு வகை உண்டு: ஒலிம்பஸின் செடி வேறு, பர்னாசஸின் செடி வேறு, தெற்கே தைகெதஸின் செடி வேறு, யூபோயா தீவின் திர்ஃபிஸ் மலைச்செடி வேறு. விஷயம் தெரிந்த கடைக்காரர் எந்த மலையின் சரக்கு என்பதைச் சொல்லித்தான் விற்பார். இவற்றுள் மிகவும் பேர்போன ஒலிம்பஸ் வகைக்கு, 1844இல் ஜெர்மானியத் தாவர அறிஞர் கிரிசபாக் சூட்டிய சாஸ்திரப் பெயரோ, கொசோவோவுக்கும் வட மாசிடோனியாவுக்கும் இடையே நிற்கும் ஷார் மலையின் பழம்பெயரிலிருந்து வந்தது. எல்லைக்கு அப்பால் அல்பேனியாவிலும், பல்கேரியாவிலும், வட மாசிடோனியாவிலும், துருக்கியின் மேற்குப் பகுதியிலும் இதே செடியையோ இதன் உடன்பிறப்பையோ, அதே விதமாகக் கொதிக்கவைத்து, அதே ஜலதோஷத்துக்காக, மலைத்தேநீர் என்று பொருள்படும் பெயராலேயே குடிக்கிறார்கள். இரு பால்கன் யுத்தங்களையும் அவற்றின் பின் வந்த உலக யுத்தங்களையும் கண்ட தேசங்கள் இவை. எதை எடுத்தாலும் எனது உனது என்று வழக்காடிப் பழகிய அந்த அயலார்கள், அடுப்படியில் இந்த ஒரு விஷயத்தில் கேட்காமலே ஒத்துப்போயிருக்கிறார்கள். சந்தைக்குப் போகும் பெட்டியின் மேல் ஒரே தேசத்தின் பெயரைப் பெரிதாக அச்சிடுகிறவர்களுக்கு இது நினைவிருந்தால் நல்லது.

இனி அந்தப் புகழைப் பற்றிப் பேசலாம். ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் வேறு மகிமை சொல்லப்படுவதைக் கவனித்தால் சிரிப்பு வராமல் இராது. பல்கேரியாவில் ரோடொபி மலைப் பகுதியில் முர்சால்ஸ்கித் தேநீர் என்ற பெயரில் இதை ஆண்மையை வளர்க்கும் பானமாக விற்கிறார்கள். பல்கேரிய வயாகரா என்ற பட்டமும் அதற்கு உண்டு. ஜெர்மனியில் சில ஆராய்ச்சியாளர்கள், மறதிநோய்க்குரிய மாறுதல்கள் உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு இதன் சாற்றைக் கொடுத்து நற்பலன் கண்டதாக அறிவித்த பின், ஞாபக சக்திக்கு உகந்தது என்று குப்பியில் அடைத்த மாத்திரைகளாகவும் அது வந்துவிட்டது. கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனால், தீர்க்காயுசுக்குப் பேர்போன இக்காரியா தீவின் ரகசியம் இதுவே என்று சொல்லிவிடுகிறார்கள். இக்காரியா முதியவர்கள் சேஜ், புதினா, ரோஸ்மேரி முதலிய பல தழைகளைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறவர்கள். அதோடு மேடும் பள்ளமுமான தீவில் நாள்தோறும் நடக்கிறவர்கள், தோட்டத்தில் தாமே மண்ணைக் கொத்துகிறவர்கள், மதியம் கவலையின்றித் தூங்குகிறவர்கள். இவற்றுள் நடையையும் மண்வெட்டியையும் தூக்கத்தையும் பொட்டலம் கட்டி அனுப்ப முடியாது, செடியை அனுப்பலாம். ஆகவே பெருமை முழுவதும் செடியின் தலையில் ஏறியது.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கு நடுவே, நிதானமாகப் பேசிய குரல் ஐரோப்பிய மருந்து முகமையினுடையது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜலதோஷத்தை ஒட்டிய இருமலுக்கும், வயிறு குடல் சம்பந்தமான லேசான உபாதைகளுக்கும் இந்த மூலிகையைப் பயன்படுத்தலாம் என்று அதன் மூலிகைக் குழு 2016இல் அபிப்பிராயம் தெரிவித்தது. அதையும், மருத்துவப் பரிசோதனைகளால் நிரூபிக்கப்பட்டது என்று சொல்லாமல், நெடுங்காலம் தீங்கின்றி வழங்கிவந்த பாரம்பரிய உபயோகம் என்ற வகையில் மட்டுமே சேர்த்தது. அதாவது, பெரிய உத்தியோகஸ்தர்கள் கூடி ஆவணங்களைப் பரிசீலித்து எழுதிய முடிவும், எபிரஸ் மலைக்கிராமத்துப் பாட்டி பேரனுக்குக் கோப்பையை நீட்டும்போது சொல்வதும் ஒன்றாகவே இருக்கின்றன. இருமலுக்கும் வயிற்றுக்கும் நல்லது. அதற்கு மேல் அந்தப் பாட்டியும் ஒன்றும் வாக்குக் கொடுத்ததில்லை.

மிகையான புகழினால் என்ன நஷ்டம், நம்புகிறவன் நம்பிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். நஷ்டம் மலைக்கு. காம்பைக் கத்தியால் அறுத்து, அடித்தண்டைச் சில விரற்கடை விட்டுவைத்து, பூத்த தலைகளில் சிலவற்றை விதைக்காகத் தொடாமல் விட்டுப்போனால், அடுத்த ஆண்டும் அதே பாறையில் அதே செடி தளிர்க்கும். பல்லாண்டு வாழும் இயல்புடையது அது. வீட்டுக்கு ஒரு கட்டு வேண்டியவன் அப்படித்தான் அறுப்பான். அடுத்த ஆண்டும் அவனே அல்லவா ஏறி வரவேண்டும்! எடைக்குக் காசு வாங்குகிறவனுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. மூட்டை நிறைய வேண்டும், பொழுது சாய்வதற்குள் இறங்க வேண்டும், இன்று தான் விட்டுவைப்பதை நாளை வேறொருவன் பிடுங்கிவிடுவான் என்ற பயமும் உண்டு. கைக்கு வந்ததை வேரோடு இழுத்துவிடுகிறான். வேர் போனால் பாறை வெடிப்பில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. மண் இல்லாத அந்த இடத்தில் புதிய விதை விழுந்து முளைத்து நிலைப்பது எளிய காரியம் அன்று. பல்கேரியாவில் இந்தச் செடி அருகிவரும் தாவரங்களின் சிவப்புப் புத்தகத்தில் ஏறி, சட்டத்தின் பாதுகாப்பையும் பெற்றிருக்கிறது. அல்பேனியாவில் 1991க்குப் பின் பழைய ஆட்சியோடு பழைய கட்டுப்பாடும் போய், வேலையற்ற மலைவாசிகளுக்கு மூலிகை சேகரிப்பது ரொக்கம் தரும் தொழில்களில் ஒன்றாயிற்று; அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிரேக்க நாட்டிலும் வனத்துறைக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. 1938இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அமைக்கப்பட்ட ஒலிம்பஸும் இருக்கிறது. ஆனால் 2,917 மீட்டர் உயரமுள்ள மலையின் ஒவ்வொரு சரிவிலும் ஒரு காவலாளியை நிறுத்த எந்த அரசாங்கத்தாலும் ஆகாது.

செய்யத்தக்கது என்ன? காட்டுச் செடியே உயர்ந்தது, மனிதன் கைபடாத சிகரத்தில் பறித்ததே வீரியமுள்ளது என்று வாங்குகிறவர்கள் வற்புறுத்துவதைக் கைவிட வேண்டும் என்பதே என் முதற் கோரிக்கை. இயற்கையின்மேல் பக்தி செலுத்துவதாக எண்ணிக்கொண்டு இப்படி வற்புறுத்துகிறவர்கள்தாம், உண்மையில் அந்த மலையை மொட்டையடிப்பவர்களுக்குக் கூலி கொடுக்கிறவர்கள். இந்தச் செடி பயிரிட இணங்காத செடி அன்று. ஒலிம்பஸ் சரிவிலுள்ள கொக்கினோபிலோஸ் கிராமத்தாரும், ஓத்ரிஸ் மலைப்பக்கத்து விவசாயிகளும் இதை வயலில் வரிசைபிடித்து நட்டு வளர்க்கிறார்கள். விதையிலிருந்தும் வரும், பழைய தூற்றைப் பிரித்து நட்டாலும் வரும். இரண்டாம் ஆண்டிலிருந்து ஒழுங்காக அறுவடை கிடைக்கும். நீர் அதிகம் கேட்பதில்லை. கோதுமைக்கு லாயக்கில்லாத கல்லாங்காட்டிலும் வளரும். 2010ஐ ஒட்டி வந்த பொருளாதார நெருக்கடியில் பட்டணத்து வேலையை இழந்து கிராமத்துக்குத் திரும்பிய இளைஞர்கள் சிலர் மூலிகைப் பயிரில் இறங்கியதும் பலர் அறிந்த செய்தியே. பல்கேரியாவிலும் இப்பொழுது சந்தைக்கு வருவது பெரும்பாலும் வயலில் விளைந்ததுதான்.

வயலுக்கு வந்துவிட்டால் பண்பாடு போய்விடாதா என்று பழமைப் பற்றுள்ளவர்கள் வருந்துகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மணத்தில் சிறிது வித்தியாசம் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் நாக்கு, ஆண்டுதோறும் சொந்த மலையில் ஏறி அறுத்துக் குடித்துப் பழகிய நாக்காகத்தான் இருக்கும், பெர்லினிலோ நியூயார்க்கிலோ பெட்டியைப் பிரிக்கிறவர்களின் நாக்காக இராது. அந்தக் கிராமத்தாருக்கு, வனத்துறை வரையறுக்கும் அளவுக்குள், தங்கள் வீட்டுக்கு வேண்டியதைக் காட்டிலிருந்து அறுத்துக்கொள்ளும் உரிமையை விட்டுவைக்கலாம். அவர்கள் எடுத்ததனால் மலை வறண்டதில்லை. விலைக்குப் போவதும் ஏற்றுமதியாவதும் மட்டும் பயிரிட்டதாகவே இருக்கவேண்டும் என்று விதிப்பதும், எந்த வகைச் செடி, எந்த ஊரில், வயலில் விளைந்ததா காட்டில் பறித்ததா என்பதைக் கட்டின் மேல் எழுதியாக வேண்டும் என்று விதிப்பதும், சிகரத்துக்குக் காவலாளியை அனுப்புவதைவிடச் சுலபமான காரியம். அதைச் சந்தையிலேயே பரிசோதித்துவிடலாம். வாங்குகிறவர்களும், முனிவர் படத்தையும் தீர்க்காயுசு வாக்குறுதியையும் விட்டுவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் தேடிப் படித்து வாங்கினால், ஓத்ரிஸ் மலைப்பக்கத்து விவசாயிக்கு அடுத்த ஆண்டு இன்னும் கால் ஏக்கர் நடுவதற்குத் தைரியம் வரும்.